தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குடிவருகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

சேலத்திலிருந்து பெங்களூரு போகிற வழியில் டீ குடிக்க இறங்கிய ஊர்கள் என்ற அளவில்தான் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் பலருக்குப் பழக்கம். திடீரென்று ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் அரசுப் பணியில் பென்னாகரத்துக்கோ ஊத்தங்கரைக்கோ மாறுதல் வரும். அப்போதுதான் "அந்தப் பக்கம் எப்படிங்க இருக்கும்?" என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். "காய்ஞ்ச ஊரு", "பின்தங்கின மாவட்டம்" என்று பதில் வரும். அது பாதிதான் உண்மை. இங்கே நிம்மதியாகக் குடும்பம் நடத்தலாம், பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம், வார விடுமுறையில் காட்டையும் ஆற்றையும் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் வந்து இறங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வதைவிட, சில விஷயங்களை வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டால் செலவும் அலைச்சலும் மிச்சம்.

இந்த வரிசையில் போங்கள்: ஊர், தண்ணீர், வீடு, அப்புறம் காகித வேலை. மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

1. எந்த ஊரில் குடியிருப்பது என்று முடிவு செய்யுங்கள்

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி பிரிந்தது. அதிலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி பிரிந்தது. அரசுக் கணக்கில் இரண்டு மாவட்டம். குடியிருக்க வருகிறவருக்கு இது மூன்று ஊர், மூன்று குணம்.

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் ஏறத்தாழப் பாதி உயரம்தான். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். சித்திரையில் தர்மபுரி நான்கு ரோட்டில் நின்றால் தலை வெந்துபோகும். அதே நாளில் ஓசூரில் சாயங்காலம் காற்று குளிர்ந்துவிடும். மார்கழி, தையில் ஓசூரில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது.

ஓசூர் தொழிற்சாலை ஊர். சிப்காட், டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், உத்தனப்பள்ளி பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று வேலை அதிகம், கூட்டமும் அதிகம். 2019-ல் மாநகராட்சி ஆனது. பெங்களூரு 40 கிலோமீட்டர்தான் என்பதால் வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், காய்கறி விலை எல்லாம் அந்த ஊரைப் பார்த்துத்தான் ஏறும். மூக்கண்டப்பள்ளி, சின்ன எலசகிரி பக்கம் தனியாக வேலைக்கு வந்தவர்களின் அறைகள் நிறைய. குடும்பத்தோடு வருகிறவர்கள் மத்திகிரி, பாகலூர் ரோடு, தளி ரோடு பக்கம் பார்ப்பார்கள். பெங்களூருவில் வேலை, ஓசூரில் வீடு என்று திட்டம் போடுகிறவர்கள் ஒரு திங்கட்கிழமை காலை அத்திப்பள்ளி வழியாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலை சொல்வது பொய்.

கிருஷ்ணகிரி சாலைகள் கூடுகிற ஊர். சென்னை, பெங்களூரு, சேலம், திண்டிவனம் என்று எல்லாப் பக்கமும் நெடுஞ்சாலை பிரியும். பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை என்றால் இங்கே இருப்பதுதான் வசதி. ஊர் அளவாக இருக்கும். பழையபேட்டையில் உருதும் தெலுங்கும் தமிழும் ஒரே கடை வாசலில் கேட்கும்.

தர்மபுரி மூன்றிலும் சாவகாசமான ஊர். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்கள்தான் ஊரின் நடமாட்டம். பாரதிபுரம், இலக்கியம்பட்டி, கலெக்டர் ஆபீஸ் பக்கம் புதுக் குடியிருப்புகள் வந்திருக்கின்றன. வாடகை ஓசூரைவிட நன்றாகவே குறைவு. பெரிய மால், மல்டிபிளெக்ஸ் இதெல்லாம் தேடுகிற ஆள் என்றால் முதல் மாதமே சலித்துவிடும். அப்படி இல்லை என்றால் தர்மபுரியைத்தான் நான் சொல்லுவேன்.

2. வீட்டுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

இந்தப் பகுதிக்கு வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்றைச் சொல்ல நேரமிருந்தால் இதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. போர்வெல் ஆழமாகப் போகப் போகப் பல இடங்களில் இன்னும் கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது என்பது கணக்கு. அதைப் பல வருஷம் குடித்தவர்களுக்குப் பல்லில் மஞ்சளாக, பழுப்பாகக் கறை விழும். இன்னும் அதிகமானால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். நிலைத்த பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயது வரையிலான காலத்தில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை போகவே போகாது.

இதற்காகவே வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரை ஒகேனக்கலில் எடுத்துச் சுத்திகரித்து இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள். ஊரில் இதை 'ஒகேனக்கல் தண்ணி' என்பார்கள், போர்வெல்லிலிருந்து வருவதை 'போர் தண்ணி' என்பார்கள். வீடு பார்க்கப் போகும்போது இந்த இரண்டு வார்த்தையும் உங்கள் வாயில் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் "தண்ணி வசதி இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் பஞ்சமே இல்லைங்க" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, போர் தண்ணியைச் சொல்கிறார். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ஒகேனக்கல் தண்ணி வீட்டுக்குள் வருகிறதா, தெருக்குழாயிலா? எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள்? எந்த நேரத்தில்? சித்திரை, வைகாசியில் எப்படி? இதையே பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேளுங்கள். குடம் தூக்குகிறவர் சொல்வதுதான் சரியான கணக்கு.

அப்புறம் நீங்களே பாருங்கள். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருக்கும், ஹீட்டர் ராடில் சுண்ணாம்பு பூசினதுபோல் இருக்கும், சோப்புப் போட்டால் நுரைக்காமல் தயிர் திரிந்த மாதிரி ஒதுங்கும். இதெல்லாம் தண்ணீரின் கடினத்தன்மை, உப்பு. துவைக்கவும் குளிக்கவும் தொல்லையே தவிர, ஃபுளோரைடு வேறு. அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. தண்ணீர் இனிப்பாக இருக்கிறது என்பதால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டாதீர்கள். தெருவில் விளையாடும் பிள்ளைகள் சிரிக்கும்போது பல்லைப் பாருங்கள். அங்கேயே வளர்ந்த நாலைந்து பிள்ளைகளுக்குக் கறை இருந்தால் அந்தப் போர் தண்ணியைக் குடிக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடித்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. எந்திரம் எடுக்கும். ஆனால் ஒகேனக்கல் தண்ணி ஒழுங்காக வருகிற வீட்டில் அதற்காகப் பணம் போட்டு வாங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். விட்டுவிட்டு வருவதால் பிடித்துவைக்க இரண்டு டிரம் வாங்குங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். மூடாத டிரம்மில் டெங்குக் கொசு ஒரு வாரத்தில் குடும்பம் நடத்தும்.

3. வீடு பேசும்போது

முன்பணம் ஊருக்கு ஊர் மாறும். தர்மபுரியில் சில மாத வாடகையோடு முடிந்துவிடும். ஓசூரில் பெங்களூரு வழக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதிகமாகக் கேட்பார்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதாவது நீங்கள் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். ஆகவே எழுதுவதற்கு முன் பேசுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஓசூர்ப் பக்கம் சாதாரணம். அது உண்டா இல்லையா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கரண்ட் மீட்டர் உங்களுக்குத் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்குகிற இடத்தில் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. மேல்மாடி வீடு என்றால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வெயில் காலத்தில் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் சுடும். மதியம் மூன்று மணிக்கு வீடு பார்க்கப் போங்கள், தெரிந்துவிடும்.

"நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதியை விசாரிக்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். "கவிச்சி சமைப்பீங்களா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்களும் உண்டு. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. வேறு வீடு கிடைக்கும். புதுக் குடியிருப்புகளில் இந்தக் கேள்வி குறைவு.

4. முதல் மாதத்தில் முடிக்க வேண்டியவை

ஆதாரில் முகவரி மாற்றம், கேஸ் இணைப்பு மாற்றம், ரேஷன் கார்டில் கடை மாற்றம், வாக்காளர் பட்டியல். வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் இ-சேவை மையத்திலேயே பெரும்பாலும் முடியும். கூட்டம் குறைவான தாலுகா ஊர் மையங்களுக்குக் காலையில் போங்கள். வேறு மாநில வண்டி கொண்டுவந்திருந்தால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்ட மறுபதிவு வேண்டும், வரியும் கட்ட வேண்டும். ஓசூரில் கர்நாடக எண் வண்டிகள் ஏராளம் என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி எங்கே என்று முதல் வாரமே ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில், 2022-ல் திறந்தது. பாம்புக் கடி என்றால் நேரே அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கேதான் நிச்சயம். தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்தவர்கள் இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

5. போகவர

பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். சேலம்–பெங்களூரு சாலையில் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பஸ் வரும். தர்மபுரியிலிருந்து சேலமும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூரும் சிரமமில்லாத தூரம்தான். ஆனால் நெடுஞ்சாலைப் பஸ்கள் சில ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையிலேயே இறக்கிவிடும். ஏறும்போதே "ஊருக்குள்ள போகுமா?" என்று கண்டக்டரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரியில் பைபாஸ் மேம்பாலத்தடியில் ஆட்டோ தேடிக்கொண்டு நிற்க வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸின் நேரத்தைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

ரயில் விஷயம் கொஞ்சம் வேடிக்கை. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர், ஆனால் ரயில் நிலையம் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் குறுகிய அகலப் பாதையில் ரயில்கள் ஓடின. பிறகு இரண்டையும் மூடிவிட்டார்கள். மொரப்பூர்–தர்மபுரி பாதையைத் திரும்பப் போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். இப்போதைக்கு தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் எல்லாம் சேலம்–பெங்களூரு பாதையில் இருக்கின்றன. சென்னை போக தர்மபுரிக்காரர்கள் மொரப்பூருக்குப் போவார்கள். எல்லா விரைவு ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து முன்பதிவு செய்யுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஜோலார்பேட்டை.

ஓசூரிலிருந்து பெங்களூருவுக்குள் போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்டில் ஒரு நல்லது நடந்தது. பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது. பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ என்று போனால் எலக்ட்ரானிக் சிட்டிக்கு அப்புறம் இருக்கும் நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை.

சொந்த வண்டியில் சேலம் பக்கம் இறங்குகிறவர்கள் தொப்பூர் கணவாயில் கவனமாக இருங்கள். நீண்ட இறக்கம், வளைவு, பின்னால் பாரம் ஏற்றிய லாரிகள். கியரைக் குறைத்து இறங்குங்கள், நியூட்ரலில் போட்டு உருட்டாதீர்கள். லாரிக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிப் போகாதீர்கள். பிரேக் பிடிக்காமல் வந்த லாரிகளால் அங்கே நடந்த விபத்துகள் கொஞ்சநஞ்சமல்ல.

முகவரி கண்டுபிடிப்பதும் ஒரு வித்தைதான். தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் தோட்டத்துக்குள் நாலு வீடு சேர்ந்தால் அது ஒரு 'கொட்டாய்'. முதலில் அங்கே குடியேறியவர் பெயரோடு கொட்டாய் சேரும். மேப்பில் இருக்காது, ஒரே பெயரில் இரண்டு மூன்று இருக்கும். கூரியர்காரருக்கு கொட்டாய் பெயரோடு ஊராட்சி, பஸ் நிறுத்தம், பக்கத்து ஏரி அல்லது கோயில் எல்லாம் சேர்த்து எழுதுங்கள்.

6. சாப்பாடும் சந்தையும்

ராகிக் களி சாப்பிடப் பழகாமல் இங்கே குடியிருந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. கொதிக்கிற நொய்யில் மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி விழாமல் கிளறி, ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைப்பார்கள். ஆவி பறக்கும். நடுவில் விரலால் ஒரு குழி செய்து குழம்பை ஊற்றி, ஓரத்திலிருந்து கிள்ளித் தோய்த்து விழுங்க வேண்டும். மெல்லப் பார்த்தால் பல்லில் ஒட்டிக்கொண்டு வெறுத்துப்போகும். புதிதாக வந்தவர்கள் "பிடிக்கலை" என்று ஒதுக்குவதற்கு இதுதான் காரணம். கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல், கருவாட்டுக் குழம்பு, நாட்டுக்கோழி எதுவும் சேரும். பனிக்காலத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு வந்துவிட்டால் வேறு எதையும் கேட்காதீர்கள். அந்த நாட்களில் சந்தையில் அவரையைக் குவித்து வைத்திருப்பார்கள், வீடெல்லாம் அதே வாசம்தான். ராகி இங்கே ஊர்ச் சாப்பாடு என்பதால்தான் 2023-ல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தை நீலகிரியோடு சேர்த்து தர்மபுரியில் முதலில் தொடங்கினார்கள்.

காய்கறி வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவது வீண். பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளி மண்டிகள். லாரி லாரியாக வெளியூர் போகிற இடம். விலை ஒரு வாரம் ஏறும், அடுத்த வாரம் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் விவசாயி தோட்டத்திலேயே விட்டுவிடுவார். வாரச் சந்தைதான் ஊரைத் தெரிந்துகொள்ளச் சரியான இடம். போச்சம்பள்ளி ஞாயிறு சந்தையில் காய்கறி, கருவாடு, கயிறு, கத்தி, ஆடு, கோழி எல்லாம் கிடைக்கும். குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தை ஆட்டுக்குப் பேர்போனது. பொங்கல், பக்ரீத்துக்கு முந்தின வாரம் போனால் நடக்க இடம் இருக்காது. துணிப்பையும் சில்லறையும் கொண்டுபோங்கள்.

மாம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் கிருஷ்ணகிரியைப் பற்றி எழுத முடியாது. சித்திரையில் தொடங்கி ஆடி வரை பழம் கிடைக்கும். புதியவர்கள் சாலையோரக் கடையில் பளபளவென்று இருப்பதைப் பார்த்து வாங்கிவிடுவார்கள். இங்கே தோப்புகளில் பெரும்பகுதி பெங்களூரா, அதாவது கிளிமூக்கு மாங்காய்தான். அது கூழ் ஆலைக்குப் போகிற ரகம், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு காயாகச் சாப்பிட அருமை. பழமாகச் சாப்பிட அல்போன்சா, இமாம்பசந்த், பங்கனப்பள்ளி, செந்தூரா, மல்கோவா என்று ரகத்தைச் சொல்லிக் கேளுங்கள். காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். எல்லாப் பழமும் ஒரே மஞ்சளாக, வாசமே இல்லாமல் இருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போங்கள். ஆனி வாக்கில் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும். எந்த ரகம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. வீட்டில் இடம் இருந்தால் சந்தூரில் ஒட்டு மாங்கன்று கிடைக்கும்.

7. பேச்சுவழக்கு

தமிழ் போதும். ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அதிகம். உங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். "நல்லாயிருக்கீங்களா?" என்பதை அவர்கள் மொழியில் கேட்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். வயதில் பெரியவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். தெலுங்கு வீட்டுப் பாட்டியை அவ்வா என்றால் மகிழ்ந்துபோவார். முதல் நாளே "சம்பளம் எவ்வளவு, பிள்ளை எத்தனை, எந்த ஊரு?" என்று கேட்பார்கள். வம்பு இல்லை, அது இந்த ஊர் விசாரிப்பு. கொஞ்சமாவது பதில் சொல்லுங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும். பல நாள் ராத்திரி முழுக்க ஆடி, கடைசியில் துரியோதனன் படுகளத்தோடு முடிப்பார்கள். மண்ணில் பெரிய உருவமாகத் துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள். அழைத்தால் போர்வையோடு போய் உட்காருங்கள். தைப்பூசத்தில் தர்மபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் பெண்களே தேர் வடம் பிடித்து இழுப்பார்கள், அதையும் தவறவிடாதீர்கள். தை மாதம் எருது விடும் விழா நடக்கும் ஊர் வழியாக அன்றைக்கு வண்டியில் போவதைத் தவிர்த்துவிடுங்கள்.

8. மழையும் யானையும்

காய்ந்த ஊர் என்ற நினைப்பில் ஏரி ஓரத்து மனையை வாங்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனது. மனை பார்க்கும்போது ஏரியின் உபரி நீர் எந்த வழியாகப் போகும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். கால்வாய் தூர்ந்திருக்கலாம், தண்ணீர் வழியை மறக்காது.

ஐப்பசி தொடங்கினால் யானை வரும். ராகி கதிர் முற்றுகிற நேரம் அது. பன்னார்கட்டாக் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம் வழியாக வந்து, சானமாவு காடு வரைக்கும் போய்த் தங்கும். மாசி வாக்கில் திரும்பும். வனத்துறை ஒலிபெருக்கியிலும் வாட்ஸாப்பிலும் எச்சரிக்கை சொல்லும், அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் அந்தச் சாலைகளில் இருசக்கர வண்டியில் போகக் கூடாது. தூரத்தில் தெரிந்தால் நிறுத்தி, திருப்பி, வந்த வழியே போய்விடுங்கள். ஹார்ன் அடிப்பது, செல்போனில் படம் எடுக்க இறங்குவது இரண்டும் உயிர் போகிற காரியம். விவசாயி காவல் கொட்டகையில் ராத்திரி முழுக்க விழித்திருப்பது இதனால்தான். அவர் தோட்டத்து ஓரத்தில் நின்று "யானை வந்துச்சா?" என்று ஆசையாகக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

9. சொந்தக்காரர்கள் வந்தால் எங்கே கூட்டிப் போவது

எல்லோரும் கேட்பது ஒகேனக்கல்தான். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கிளம்புவதற்கு முன் அன்றைய நீர்வரத்து எத்தனை கன அடி, பரிசலுக்கும் குளிக்கவும் தடை இருக்கிறதா என்று செய்தியில் பாருங்கள். கர்நாடக அணைகள் திறந்துவிட்டால் ஆடி, ஆவணியில் அருவியே தெரியாமல் வெள்ளம் போகும், கலெக்டர் தடை போட்டுவிடுவார். கர்நாடகத்தில் மழை ஓய்ந்த ஐப்பசி முதல் தை வரை தண்ணீரும் இருக்கும், பரிசலும் ஓடும். ஆடிப்பெருக்கு அன்று கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் போகலாம், ஆற்றைப் பார்க்க முடியாது.

பரிசலுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் பலகையில் இருக்கும். டிக்கெட் எடுக்கும் இடத்தில் எடுத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறுங்கள். எண்ணெய் மசாஜ் செய்துகொள்வதாக இருந்தால் முதலில் விலை பேசுங்கள், பர்ஸையும் செல்போனையும் குடும்பத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். மீன் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. மீனை எடை போட்டு வாங்கி, மசாலா, எண்ணெய், அரிசி வாங்கிக் கொடுத்தால் அங்கேயே விறகடுப்பில் சமைத்துக் கொடுக்கிற அக்காமார் இருக்கிறார்கள். வந்ததும் சமைக்கக் கொடுத்துவிட்டுப் பரிசலுக்குப் போங்கள், திரும்பும்போது குழம்பு கொதித்திருக்கும்.

கிருஷ்ணகிரியில் 1958-ல் திறந்த அணையின் பூங்கா சாயங்கால நேரத்துக்கு நல்லது. ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் மலை. வரலாறு பிடித்தவர்களுக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலும், தர்மபுரிக் கோட்டைக் கோயிலும், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடமும், தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடும் ஒரு நாளில் முடியாது, இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறை, 4,000 ஆண்டுக்கு முந்தைய இரும்பு கிடைத்த இடம். அங்கே போய் நின்றால் பாறையும் புதரும்தான் தெரியும். ஆர்வம் இருப்பவர்கள் மட்டும் போங்கள், பிள்ளைகள் அழுவார்கள். வத்தல்மலை ஏறக் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, பிரேக் பார்த்துக்கொண்டு காலையிலேயே ஏறிவிடுங்கள்.

ஒகேனக்கல் போனவர்கள் மாலை ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பென்னாகரத்துக்கு ஏறும் காட்டுச் சாலையில் வெயில் காலத்தில் யானை தண்ணீருக்காகக் குறுக்கே கடக்கும். அஞ்செட்டி வழியாக ஓசூர் திரும்புகிறவர்கள் இன்னும் முன்னாடியே கிளம்ப வேண்டும். அந்தப் பாதையில் வழியில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், புறப்படும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.